ஒன்பது கட்டங்களும் ஒரு ரிக் வண்டியும்

என் மனைவி மலர்விழி உலகத்தை ஒன்பது கட்டமாகப் பிரித்துப் பார்க்கத் தொடங்கி ஓராண்டு ஆகிறது. கிள்ளானில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துச் சமூக மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் நிழற்பட வகுப்பு நடக்கிறது. பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்ட வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் அதில் சேர்ந்தாள். முதல் வாரமே ஆசிரியர் சொல்லிக்கொடுத்தது இதுதான்: படத்தின் மேல் நெடுக்கே இரண்டு கோடு, குறுக்கே இரண்டு கோடு இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். முக்கியமான ஆளை நட்டநடுவில் வைக்காமல், அந்தக் கோடுகளின் மீதோ அவை வெட்டிக்கொள்ளும் இடத்திலோ வைத்தால் படத்துக்கு உயிர் வரும். அன்று முதல் எங்கள் சாப்பாட்டு மேசையில் தண்ணீர்ச் சாடி நடுவில் இருந்ததே இல்லை.

நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன். இப்போது கேமராவுக்கு முக்காலி தூக்குகிறேன்.

திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து மலரின் பெரியப்பா மகன் தங்கவேல் அழைத்தபோது, அவள் வகுப்பின் கடைசிப் பயிற்சிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தாள். ஒரு மனிதரும் அவருடைய ஊரும் ஒரே படத்தில் தெரிய வேண்டும் என்பது பயிற்சி. தங்கவேல் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி ஒன்றைப் புதிதாக வாங்கியிருந்தார். தை மாதம் முதல் சவாரி வடநாட்டுக்குக் கிளம்புகிறது, நீங்கள் இரண்டு பேரும் கட்டாயம் வர வேண்டும் என்றார். மலரின் அப்பா இளவயதில் மளிகைக் கடை வேலைக்காக மலாயாவுக்குக் கப்பல் ஏறியவர்; திரும்பிப் போகவே இல்லை. அண்ணனும் தங்கையும் அதுவரை ஒருவரையொருவர் கைப்பேசித் திரையில்தான் பார்த்திருந்தார்கள். பேசும்போது மலர் அவரை “அண்ணா” என்பாள். என்னிடம் சொல்லும்போது “அவங்க” என்பாள்.

சேலத்தில் வந்து இறங்கியதும் கைப்பேசியில் தங்கவேல் மச்சானின் குரல்: “மாப்ள, வண்டி இன்னும் பாடி கட்டற பட்டறையிலதான் நிக்குது. நான் கூடவே இருந்து வாங்கியாரணும். ரெண்டு நாளைக்கு ஊரு சுத்திப் பாருங்க. கோச்சுக்காதீங்க.”

கோபித்துக்கொள்ள நேரம் இல்லை. அன்று சாயங்காலமே சேலம் கடைவீதியில் தட்டுவடை செட் என்ற ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டோம். இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், ஒரு சிவப்புச் சட்னி, ஒரு பச்சைச் சட்னி. வாயில் வைத்தால் எல்லாம் ஒரே நொடியில் நொறுங்குகிறது. கிள்ளானில் எனக்கு ரொட்டி சானாய்தான் உயிர். ஆனால் அந்த மாலை நான் கட்சி மாறினேன்.

மலர் தட்டை நடைபாதையில் வைத்துவிட்டு நேர்மேலே குனிந்து படமெடுத்தாள். வட்டமான பொருளை மேலிருந்து எடுத்தால் அதன் வடிவமே படமாகிவிடுமாம். பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். துறைமுகத்தில் என்னோடு தெலுங்குக்காரர்கள் நிறையப் பேர் வேலை பார்த்ததால் எனக்குப் புரிந்தது.

“அந்தம்மாவுக்கு என்ன தொலைஞ்சுபோச்சு? தரையிலேயே தேடிட்டு இருக்காங்க.”

“கம்மலா இருக்கும். நீ காலைப் பார்த்து வை.”

இருவரும் காலை ஒதுக்கி வைத்துக்கொண்டு எங்களுக்காகத் தேடவும் தொடங்கிவிட்டார்கள். தொலையவில்லை என்று நான் தெலுங்கிலேயே சொன்னதும் அவர்கள் சிரித்த சிரிப்பில் கடைக்காரர் ஒரு செட்டை இலவசமாகக் கொடுத்தார்.

மறுநாள் மேட்டூர். எங்கள் நாட்டில் கடலை விட்டு உள்ளே வந்தால் தொடுவானம் என்பது அபூர்வம். எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனைத் தோட்டம் மறைத்துக்கொள்ளும். மேட்டூர் அணைக்குப் பின்னே தண்ணீர் வானத்தின் விளிம்பு வரை போகிறது. மலர் அதைப் பார்த்து வெகுநேரம் கேமராவையே எடுக்கவில்லை. பிறகு இரண்டு படம் எடுத்தாள். ஒன்றில் தண்ணீர் மூன்றில் இரண்டு பங்கு, இன்னொன்றில் வானம் மூன்றில் இரண்டு பங்கு. “பாதிக்குப் பாதி வெச்சா எதைப் பார்க்கிறதுன்னு கண்ணுக்குத் தெரியாதுங்க” என்றாள்.

அடுத்து என்னை நிறுத்தி எடுத்தாள். திரையில் பார்த்தால், தூரத்து அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி என் உச்சந்தலையிலிருந்து முளைத்துப் புகைந்துகொண்டிருந்தது. ஆளைப் பார்க்கும் அவசரத்தில் பின்னணியைப் பார்க்கத் தவறுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய பிழையாம். இரண்டு அடி நகர்ந்து நிற்கச் சொன்னாள். புகை அடங்கியது.

அணையை ஒட்டிய பூங்காவுக்கு வெளியே அணை மீன் பொரித்துக்கொண்டிருந்த அம்மாள் தானாகவே கூப்பிட்டார். “என்னையும் ஒரு படம் புடிங்க. புடிக்கறதா இருந்தா சட்டியோட புடிங்க, சட்டி புதுசு.” மலர் சட்டியை முன்னால் பெரிதாகவும் அந்த அம்மாளைப் பின்னால் ஆவிக்கு நடுவிலும் வைத்து எடுத்துக் காட்டினாள். அவர் சட்டியை உற்றுப் பார்த்துத் திருப்தியடைந்து, மிளகாய் விழுது தடவிய பெரிய துண்டாகப் பார்த்து எனக்குப் போட்டார். அந்தக் காரத்துக்கு என் கண்ணிலிருந்து வந்த நீரில் இன்னும் ஒரு மதகு திறக்கலாம்.

மூன்றாம் நாள் நாமக்கல்லிலிருந்து ஜேடர்பாளையம் போகும் பேருந்தில் எங்களுக்கு முன்னிருக்கையில் ஒருவர் அட்டை அட்டையாக முட்டைகளை மடியில் அடுக்கி, மோவாயால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். கரும்புக்காட்டு வளைவில் ஓட்டுநர் திடீரென்று பிரேக் அடித்தார். எதிரே ஒரு டிராக்டர். பேருந்து முழுக்க முன்னால் போய்ப் பின்னால் வந்தது. யாரும் தன்னைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஒரே குரலாக “முட்டை! முட்டை!” என்றார்கள்.

கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். “ஏனுங்க, எல்லாம் பத்திரமுங்களா?”

அந்த மனிதர் மோவாயை எடுக்காமலே சொன்னார்: “ஒன்னுகூட உடையலீங்க.”

பேருந்தே கைதட்டியது. மலர் எப்போது எழுந்தாள் என்று எனக்குத் தெரியாது. முன்படிக்கட்டு அருகே நின்று எடுத்திருந்தாள். மேலே கைப்பிடிக் கம்பிகள் இரண்டும், பக்கவாட்டில் ஜன்னல் வரிசைகளும் ரயில் தண்டவாளம்போல ஓடி, கடைசியில் அந்த முட்டைக்காரர் முகத்தில் போய் முடிந்தன. கோடுகள் கண்ணின் கையைப் பிடித்து அழைத்துப்போக வேண்டும் என்று வகுப்பில் சொன்னதை நான் அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

ஜேடர்பாளையம் தடுப்பணையில் காவிரி வெள்ளைத் துணி விரித்த மாதிரி வழிகிறது. குடும்பம் குடும்பமாக நனைகிறார்கள். எங்கள் நாட்டு நீர்வீழ்ச்சிகளில் ஆபத்துப் பலகை மூன்று மொழியில் இருக்கும். இங்கே ஒரு கிழவர் கரையில் உட்கார்ந்து தவறான பக்கம் போகிறவர்களைப் பெயர் தெரியாமலே திட்டுகிறார். “ஏ சிவப்புச் சட்டை! அக்கட்டால போகாத! ஆழம்!” பலகையைவிட வேகமாக வேலை நடக்கிறது.

அன்று இரவு தங்கவேல் மச்சான் வீட்டில் இருந்தோம். கதவைத் திறந்த அவர் மனைவி பூங்கொடியிடம் மறுநாள் காலை மலர், எங்கள் ஊர் வழக்கப்படி, காலைச் சாப்பாடு ஆயிற்றா என்ற பொருளில், “பசியாறியாச்சா அண்ணி?” என்று கேட்க, அவர் திகைத்து, “ஏன் அம்மிணி, பசிச்சா சொல்லோணுமல்ல?” என்று பதறி அடுப்பைப் பற்றவைத்தார். விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் சந்தகை வந்துவிட்டது. புழுங்கலரிசி மாவை வேகவைத்துப் பிழிந்த சேவை அது; ஒரு பங்கு தேங்காய்ப்பாலோடு, ஒரு பங்கு எலுமிச்சையோடு. எத்தனை தட்டு சாப்பிட்டேன் என்று மலர் எழுத வேண்டாம் என்கிறாள்.

மத்தியானம் ரிக் வண்டி வந்தது. வாசலில் எல்லோரும் கூடிவிட்டோம். முன்னால் ரிக், பின்னால் துளைக்குக் காற்று கொடுக்கும் கம்பரசர் லாரி. பச்சையும் மஞ்சளுமாகப் புதுப் பெயிண்ட் வாசனை. மச்சான் இறங்கி, எங்களிடம்கூட வராமல், வண்டியை ஒரு முறை சுற்றி வந்தார். ஒவ்வொரு சக்கரத்தையும் தொட்டார். பிறகுதான் தங்கையைப் பார்த்தார். நேரில் முதல் முறை. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“போட்டோவுல பாத்த உங்கொப்பன் மாதிரியே நெத்தி” என்றார் கடைசியில். “பாத்துக்கிட்டியா, இதான் என்ற வண்டி.”

“அழகா இருக்கு, அண்ணா.”

“நாளைக்குப் பசங்களோட சேர்த்து ஒரு படம் எடுத்துக் குடு, சாமி. ஆபீஸுல பெருசா மாட்டோணும். மலேசியாவுல இருந்து என்ற தங்கச்சி வந்து எடுத்துக் குடுத்ததுன்னு எல்லார்த்துகிட்டயும் சொல்லிப்போட்டேன்.”

மலர் அன்று சாயங்காலம் முழுக்க ஒரு தாளில் ஒன்பது கட்டம் போட்டு, அதில் வண்டியையும் மனிதர்களையும் இங்கும் அங்குமாக வரைந்துகொண்டிருந்தாள். நான் கொடுத்த காப்பியைத் தொடவே இல்லை. கல்யாணத்தன்றுகூட அப்படி இல்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வீட்டுக்குப் பக்கத்தில் சோளத்தட்டு அறுத்து முடித்த காட்டில் வண்டிகளை நிறுத்திப் பூசை போட்டார்கள். பூசணிக்காய் உடைந்தது, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ராகுகாலம் தொடங்கும் முன் வண்டி ஊர் எல்லையைத் தாண்ட வேண்டும் என்று பூங்கொடி மூன்று முறை சொன்னார். டிரைவர்கள், துளை போடுபவர்கள், சமையல்காரர் எல்லோரும் எண்ணெய் தேய்த்துத் தலைவாரி, புதுச் சட்டையில் நின்றார்கள். இனி மாதக்கணக்கில் அவர்களுக்கு அந்த வண்டிதான் வீடு.

முதலில் மச்சானின் ஆசைப்படி துளையிடும் கம்பத்தை வானத்துக்கு நிமிர்த்தி ஒரு படம். கம்பம் முழுசாக வர மலர் வெகுதூரம் பின்னால் போக வேண்டியிருந்தது. வந்து காட்டினாள். மச்சான் திரையைக் கண்ணருகே கொண்டுபோனார்.

“கம்பம் இருக்குது. நாங்க எங்க அம்மிணி? எறும்பாட்ட இருக்கறோம்.”

கம்பத்தைப் படுக்க வைத்தார்கள். அடுத்தது அவள் தாளில் வரைந்து வைத்திருந்த படம். இரண்டு லாரிகளையும் இடது பக்கமாகச் சேர்த்து நிறுத்தினாள். ஆட்களை அவற்றின் ஓரமாகக் கூட்டமாக நிற்க வைத்தாள். வலது பக்கம் வெட்டவெளி, தூரத்தில் திருச்செங்கோட்டு மலை. வண்டிகள் போகப்போகும் தூரம் அந்த வெற்றிடத்தில் தெரியும் என்று என்னிடம் கிசுகிசுத்தாள். நான் பார்த்தேன். உண்மையிலேயே அழகாக இருந்தது.

“அண்ணா, நீங்க அப்படியே அந்தக் கதவுப் பக்கம் ஓரமா போங்க. இன்னும் கொஞ்சம். இன்னும் ஓரமா.”

மச்சான் நகர்ந்தார். ஓரடி, இன்னொரு அடி. பிறகு நின்றார். அவர் முகம் மாறியது. தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறிவிட்டு, நடந்து லாரிக்குப் பின்னால் போய்விட்டார்.

ஆட்கள் தரையைப் பார்த்தார்கள். பூங்கொடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மலர் கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டு அவர் பின்னால் போனாள். நானும் போனேன்.

அவர் சக்கரத்தில் சாய்ந்து நின்றிருந்தார்.

“அண்ணா, நான் ஏதாச்சும் தப்பா...”

“நீ தப்பொன்னும் பண்ணல சாமி. உன்ற படிப்பு அது.” குரல் தாழ்ந்திருந்தது. “நான் இந்தத் தொழிலுக்கு வந்தப்ப ஒருத்தர் வண்டியில ராடு தூக்கற வேலை. வருசா வருசம் பூசை போட்டுப் படம் எடுப்பாங்க. ‘அக்கட்டால நில்லு, இன்னும் அக்கட்டால நில்லு’ம்பாங்க. நானும் நிப்பேன். அந்த மொதலாளி ஆபீஸுல ஒரு படம் இன்னும் தொங்குது. அதுல என்ற கை மட்டும் இருக்குது. முழங்கை வரைக்கும். அது என்ற கைன்னு எனக்கு மட்டுந்தான் தெரியும்.”

மலர் அவர் கையைப் பார்த்தாள்.

“இது என்ற வண்டி. இதுலயும் ஓரமா நிக்கச் சொன்னா, காலு வர மாட்டேங்குது.”

மலர் கண்ணைத் துடைத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் துடைக்கவில்லை. அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அண்ணன்மாரைத் தங்கைகள் இழுப்பதுபோலத்தான். காட்டின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினாள். “இங்கேயே நில்லுங்க. அசையக் கூடாது.”

அதன் பிறகு அவள் போட்ட சத்தத்தைக் கிள்ளானில் யாரும் கேட்டதில்லை. ரிக்கை அவருக்கு இடது பக்கமும் கம்பரசரை வலது பக்கமும் கொண்டுவரச் சொன்னாள். இரண்டின் மூக்கும் சற்றே உள்நோக்கித் திரும்பி, அவரை நோக்கி வழி காட்ட வேண்டும். டிரைவர்கள் முன்னும் பின்னுமாக எடுத்தார்கள். வண்டியிலிருந்து நீண்ட இரும்பு ராடுகளை இறக்கி, கேமராவின் காலடியிலிருந்து அவர் காலடி வரை இருபுறமும் சாய்வாகப் படுக்க வைக்கச் சொன்னாள். ஆட்கள் ஓடி ஓடிச் செய்தார்கள். கிரேன் ஓட்டிய எனக்கும் கை துறுதுறுத்தது. ஒரு ராடின் நுனியைப் பிடித்தேன். பிறகு ஆட்களை அவருக்கு இரண்டு பக்கமும் சம எடையாகப் பிரித்தாள். உயரமானவர் இந்தப் பக்கம் என்றால் அந்தப் பக்கமும் ஓர் உயரமானவர்.

கேமரா வழியே பார்த்தவள் தலையசைத்தாள். மலையின் விளிம்பு மச்சானின் கழுத்தை வெட்டிக்கொண்டு போனது. அறுத்த சோளக் கட்டைகள் குத்தும் அந்தக் காட்டில் சட்டென்று புதுச் சேலையோடு மண்டியிட்டாள். இன்னும் தாழ்ந்தாள். அவர் தலை மலைக்கு மேலே ஏறி, வானத்தில் தனியாக நின்றது.

ஓராண்டாகச் சாப்பாட்டு மேசையில்கூட விடாமல் காத்த விதி அது. நட்டநடுவில் எவரையும் வைக்காதே என்பதை அவள் எத்தனை வாரம் எழுதி எழுதிப் படித்தாள் என்று எனக்குத் தெரியும். அதை ஒரே நிமிடத்தில் தூக்கி வைத்துவிட்டு, நடுவில் நிற்பவருக்காக வண்டி, இரும்பு, மலை, மனிதர் அத்தனையையும் இடம் மாற்றிக்கொண்டிருக்கிறாள். இவள் என் மனைவி என்று அந்தக் காட்டில் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. எல்லோருக்கும் அது முன்பே தெரியும்.

எடுத்தாள். எழுந்து வந்து திரையைக் காட்டினாள். மச்சான் பார்த்தார். ராடுகள் இரண்டு பக்கமும் ஓடிவந்து அவர் காலில் முடிகின்றன. வண்டிகள் சிறகு மாதிரி விரிந்திருக்கின்றன. நடுவில் துண்டு போட்ட ஒரு மனிதர், தலைக்கு மேலே வானம் மட்டும்.

அவர் பார்வை தன் முகத்தில் ஒரு கணம்கூட நிற்கவில்லை. “இதைப் பெருசு பண்ணி, ஓரத்துக்குக் கொண்டுபோ” என்றார்.

மலர் படத்தைப் பெரிதாக்கி நகர்த்தினாள். வலது ஓரம். சமையல்காரர், செருப்பு உட்பட முழுசாக இருந்தார். இடது ஓரம். கம்பரசர் வண்டி டிரைவர் குமரேசன், மீசைக்கார வாட்டசாட்டமான ஆள். அவருடைய வலது தோளும் கையும் படத்துக்கு வெளியே போயிருந்தன.

“குமரேசனுக்குக் கை வரல.”

“முகம் நல்லா வந்திருக்கே, அண்ணா...”

“கை வரல, சாமி.”

குமரேசனே வந்துவிட்டார். “பரவால்லீங்க அண்ணா. நேரமாச்சு. போலாமுங்க.”

பூங்கொடி பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: “ஏனுங்க, இன்னொருக்கா எடுத்தா ராகுகாலம் புடிச்சுக்கும்.”

“புடிச்சா புடிக்கட்டும். முடிஞ்ச பொறவு போவாங்க. போறவங்க முழுசா போகோணும்.” அவர் திரும்பிப் போய்த் தன் இடத்தில் நின்றார். “எல்லாரும் வாங்கடா. மறுக்கா.”

எல்லோரும் திரும்பி வந்து நின்றார்கள். இந்த முறை நிற்கும் விதமே வேறாக இருந்தது. யாரும் வயிற்றை உள்ளிழுக்கவில்லை, விறைக்கவில்லை. மலர் மறுபடி மண்டியிட்டாள். முதலில் நடுவைப் பார்க்கவில்லை. இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை ஒவ்வொருவராகப் பெயர் கேட்டு, கை கால் பார்த்து, கடைசியில்தான் அண்ணனிடம் வந்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

ராகுகாலம் முடியும் வரை வண்டிகள் கிளம்பவில்லை. அதற்குள் பூங்கொடி எல்லோருக்கும் அரிசியும் பருப்பும் சேர்த்த சோறு ஆக்கிவிட்டார். காட்டிலேயே இலை போட்டு, நெய் ஊற்றிச் சாப்பிட்டோம். உச்சி வெயிலில் இரண்டு வண்டிகளும் ஹாரன் அடித்துக்கொண்டு சாலையேறின. குமரேசன் ஜன்னலுக்கு வெளியே தன் வலது கையை முழுசாக நீட்டி, எங்கள் பார்வையிலிருந்து மறையும் வரை ஆட்டிக்கொண்டே போனார்.

கிள்ளானில் கடைசி வகுப்புக்குக் குடும்பத்தாரையும் அழைத்திருந்தார்கள். ஒவ்வொருவர் படமும் பெரிய திரையில் வந்தது. மலரின் படம் வந்ததும் ஆசிரியர் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். ஆசிரியர் சீனர், மலாயில் பேசினார்.

“கோடுகள் நன்றாக இருக்கின்றன. சமநிலை இருக்கிறது. விளிம்புகள் வெகு சுத்தம். ஆனால் உங்களுக்கு விதி நன்றாகத் தெரியுமே. இவரை ஏன் நட்டநடுவில் வைத்தீர்கள்?”

மலர் எழுந்து நின்றாள்.

“அவர் என் அண்ணன், ஐயா. அவருடைய இடம் அது.”

கைதட்டக் கூடாது என்று வீட்டிலிருந்து புறப்படும்போதே என்னிடம் சொல்லியிருந்தாள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த நான் தட்டிவிட்டேன்.